காணாமல் போன பதினேழாயிரம் மணி நேரம்

ராஜா காலத்தில் ஏது புரொஜெக்டர் என்று குறுக்கே கேட்கக் கூடாது. செங்கானூர் அரண்மனையில் இருந்தது. மகாராஜா வெற்றிவேல் பூபதி தம் முடிசூட்டு விழாவைப் படம் பிடித்து, கொலுமண்டபச் சுவரில் தினமும் காலை முதல் மாலை வரை ஓட்ட வைத்திருந்தார். பன்னிரண்டு மணி நேரமும் அவரே குதிரையில் வருவார், அவரே கிரீடம் சூடிக்கொள்வார். சபையோர் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எட்டாவது மாதம் ஒரு நாள், கிரீடம் தலைக்கு வரும் நேரம் பார்த்துப் படம் அணைந்தது. விளக்கு போய்விட்டது.

மந்திரி ராஜபூஷணம் புரொஜெக்டர் வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“மகாராஜா, விளக்கு இருபதாயிரம் மணி நேரம் எரியும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. எரிந்ததோ மூவாயிரம். மீதிப் பதினேழாயிரத்தை ஆபரேட்டர் பிச்சாண்டி அமுக்கிவிட்டான்.”

மணி நேரத்தை எப்படி அமுக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சபையில் கேட்கிற பழக்கம் கிடையாது.

“நாளை சாயங்காலத்துக்குள் பதினேழாயிரமும் இங்கே வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் இவன் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்” என்றார் மகாராஜா.

பிச்சாண்டி நேராக அரசவைப் புலவர் சொக்கேசன் வீட்டுக்கு ஓடினான். வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர் அவர்.

“சாமி, என் சம்சாரத்துக்கு இது நிறைமாசம். அவளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?”

“அழாமல் சொல். அந்த மெஷினை நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய்?”

“எங்க சாமி பாக்க விட்டாங்க? மகாராஜா முகம் வர்ற மெஷினாச்சே, ராஜமரியாதை பண்ணணும்னுட்டாரு மந்திரி. கண்ணாடி முகம் மட்டும் தெரியிற மாதிரி அதுக்குப் பட்டுப் போத்துறாங்க. மூணு வேளையும் சாம்பிராணி. காத்துப் போற ஓட்டையெல்லாம் அடச்சுப் போச்சு. தூசி தட்டினா மரியாதைக் குறைவாம். வெளிச்சம் எப்பவும் உச்சத்துலயே இருக்கணும். மகாராஜா எழுந்தா அந்த நிமிசமே மெயினை அணைக்கணும். உள்ள இருக்குற விசிறி சுத்திச் சூடு ஆறக்கூட விடமாட்டாங்க.”

“சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு” என்றார் சொக்கேசன்.

மறுநாள் சபை கூடியது. சித்திரை வெயில் மண்டபத்துக்குள்ளேயே சுட்டது.

“மகாராஜா, மணி நேரமெல்லாம் கிடைத்துவிடும்” என்றார் சொக்கேசன். “அதற்கு முன் ஒரு விண்ணப்பம். புரொஜெக்டருக்குச் செய்த மரியாதையை நம் மந்திரியாருக்கும் செய்ய வேண்டும். அவர் அதைவிட எதில் குறைந்தவர்?”

மந்திரிக்கு உச்சி குளிர்ந்தது. மகாராஜாவும் தலையசைத்தார். முகம் மட்டும் தெரியும்படி பட்டுத் துணியை நாலு சுற்றுச் சுற்றினார்கள். மூக்குக்கு நேரே சாம்பிராணி போட்டார்கள். மந்திரியார் மகாராஜாவின் விருதுப் பெயர்களை உச்சக் குரலில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்றார் சொக்கேசன்.

முதல் சுற்றில் மண்டபமே அதிர்ந்தது. இரண்டாவது சுற்றில் இருமல் வந்தது. மூன்றாவது சுற்றில் மகாராஜாவின் பெயரே மறந்துபோய், மந்திரி தொப்பென்று சாய்ந்தார்.

மகாராஜா பதறி எழுந்தார். சொக்கேசன் நிதானமாக மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார்.

“மகாராஜா, இது மந்திரியாரின் ஜாதகம். நூறு வயது இருப்பார் என்று இதிலேயே போட்டிருக்கிறது. ஐம்பதிலேயே சாய்ந்துவிட்டார். மீதி ஐம்பதையும் பிச்சாண்டிதான் அமுக்கியிருப்பான்.”

“பட்டுத் துணியை எடுங்கள், மூச்சு முட்டுகிறது” என்று கீழேயிருந்து மந்திரி முனகினார்.

“இதைச் சொல்ல மெஷினுக்கு வாய் இல்லை, மகாராஜா. அவ்வளவுதான் வித்தியாசம்.”

மகாராஜாவுக்கு விஷயம் புரிந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பிச்சாண்டியைக் கூப்பிட்டுத் தண்டனை ரத்து என்றார். புது விளக்கு வரவழைக்க வேண்டும் என்றும், இனிப் பிச்சாண்டியைத் தவிர வேறு யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். பிச்சாண்டி அங்கேயே அழுதுவிட்டான்.

“புலவரே, புது விளக்காவது இருபதாயிரம் மணி நேரம் வருமா?”

“வரும், மகாராஜா. இன்னும் ஒரே ஒரு காரியம் செய்தால் நூறு வருஷம்கூட வரும்.”

“என்ன அது?”

“சபையோர் ஆசைப்பட்டுக் கேட்கும்போது மட்டும் படத்தை ஓட்டுங்கள்.”

மகாராஜா சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசனுக்குப் போட்டார்.