சிங்கராயரின் நாற்காலி

ஆரோக்கியதாசுக்குக் குருவாக வாய்த்தவள் அவரைவிடப் பதினான்கு வயது இளையவள். காது மிஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், நாற்பத்தாறு வயதில் அவளிடம் மென்பொருள் கற்க வந்தார். நசீமா அவரை அண்ணே என்றாள். அவர் அவளை மேடம் என்றார். காது மிஷினைக் கைபேசியிலிருந்தே திருத்திக்கொள்ளும் செயலி ஒன்றை, திண்டுக்கல்லில் ஒரு சின்ன அலுவலகத்தில் அவர்கள் இருவரும்தான் கவனித்து வந்தார்கள்.

அந்தச் செயலியில் 'கூடுதல் அமைப்புகள்' என்று ஒரு பக்கம் உண்டு. ஆரோக்கியதாசின் பிராணனை வாங்கியது அதுதான். சரியாக அமைத்துக் கொடுத்த அளவுகளை ஜனங்கள் அங்கே போய் ஏற்றி இறக்கி இழுத்துவிட்டு, இரைகிறது, கொய்யென்கிறது என்று திரும்பி வருவார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அதில் முதல் ஆள் சிங்கராயர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். செவ்வாய்க்கிழமை தவறாது. மெல்லிய, கூர்மையான சத்தங்களைக் கூட்டிக் காட்டும் கீச்சொலியை உச்சிவரை ஏற்றி வைத்துக்கொண்டு, தட்டு விழுந்தால் மண்டைக்குள் விழுகிறது, ஒரே தலைவலி என்பார். ஆரோக்கியதாஸ் இறக்கிக் கொடுப்பார். அடுத்த செவ்வாய் மறுபடி உச்சியில் நிற்கும். ஏன் ஏற்றினீர்கள் என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. போன வாரம் பொறுமை போய், இறக்கிய கையோடு அவருடைய போனில் அந்தப் பக்கத்தையே சத்தமில்லாமல் பூட்டிவிட்டார்.

இந்தச் செவ்வாய் சிங்கராயர் வரவில்லை. அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பெட்டிகளை அடுக்கிவிட்டு, ஆரோக்கியதாஸ் நிம்மதியாக நசீமாவிடம் போனார்.

"பூட்டினேன், தீர்ந்துச்சு மேடம். அந்தப் பக்கத்த எல்லாருக்குமே எடுத்துரலாமா?"

நசீமா அந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வாங்கண்ணே, அவர் வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்."

சிங்கராயர் வாசலுக்கே வந்து ஆரோக்கியதாசின் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவலி அடியோடு போய்விட்டதாம், தம்பி நல்லா இருக்கணுமாம். உள்ளே கட்டிலில் அவர் மனைவி லூர்துமேரி படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு வருடம். பேச்சு வெறும் காற்றாகத்தான் வரும்.

அவள் ஏதோ சொன்னாள். சிங்கராயர் குனிந்து அவள் வாயையே பார்த்தார்.

"தண்ணியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"கால் வலிக்குதா?"

அதுவும் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு வாரமா என்னமோ கேக்குறா தம்பி, எனக்கு எட்டல. முன்னெல்லாம் அத ஏத்திவிட்டா இவ பேசுறது கேக்கும். இப்ப அது தெறக்கவே மாட்டேங்குது. நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல."

ஆரோக்கியதாஸ் அவரிடமிருந்து போனை வாங்கினார்.

"நீங்க கெடுக்கலங்க. நான்தான் பூட்டி வச்சேன்," என்று அவர் காதருகே உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்து போனைக் கொடுத்தார்.

சிங்கராயர் கீச்சொலியை உச்சிவரை ஏற்றினார். பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது. முகத்தைச் சுளித்தார், ஆனால் இறக்கவில்லை. மனைவியின் வாயருகே காதை வைத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"தலவலி விட்டுச்சான்னு கேக்குறா."

திரும்பி வந்து அலுவலகத்துப் படியேறும்போது ஆரோக்கியதாஸ் சொன்னார்.

"இருந்தாலும் பத்துல ஒம்பது பேரு கெடுத்துக்குறாங்களே, மேடம்."

"அந்தப் பக்கத்துல மேலேயே, பழையபடி ஆக்குறதுக்குப் பெருசா ஒரு பட்டன் வைங்கண்ணே."

"அதையும் பாக்காம, சிங்கராயர் அடுத்த செவ்வாக்கிழம தலவலின்னு வந்து நின்னா?"

நசீமா கதவைத் திறந்தாள்.

"மொதல்ல அந்த நாற்காலி மேல இருக்குற பெட்டியெல்லாம் எடுங்கண்ணே."