முப்பத்தொரு கையெழுத்து

“முதல் கையெழுத்து நீங்கதான் போடணும், ஆலிமா. மேலே இடம் விட்டிருக்கேன்.”

மெஹர்பானு நான்கு பக்கக் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதுதான் சரி.

மார்க்கப் பாடம் நடத்தும் ஆலிமா நஃபீஸா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கோடை விடுமுறை. அந்தக் கடற்கரை ஊரின் பெண்கள் அரபிக் கல்லூரியில் பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தார்கள். காலியான விடுதியில் நாற்பது நாள் தங்கி மார்க்கம் படிக்க வெளியூர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். விடிவதற்கு முன் தொடங்கும் வகுப்பு, இரவுத் தொழுகைவரை நீளும். மெஹர்பானு திண்டுக்கல்லில் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியை. வயது நாற்பத்தாறு. ஆலிமாவுக்கு முப்பத்து மூன்று.

வயதில் மூத்த மாணவிகளை ஆலிமா “லாத்தா” என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கரைப்பக்கத்தில் அக்காவுக்கு அதுதான் பேர்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு, லாத்தா. யார் மேலே புகார்?”

“இந்த ஊர் மேலே.”

“முழு ஊர் மேலேயுமா?”

“முழு ஊர் மேலேயும்தான். பத்து மணிக்கு நம்ம வாசல்ல ஒரு அம்மா வந்து நின்னாங்க. செபஸ்தியம்மான்னு பேரு. மீன்காரங்க. செருப்புகூட இல்லாம வந்து நின்னாங்க, ஆலிமா, இந்த வெயில்ல. ‘எங்க பக்கத்து வீட்டு பரக்கத்தக்கா காலையில இறந்துட்டாங்க, உங்க முறைப்படி கழுவணுமாமே, யாராவது வருவீங்களா’ன்னு கேட்டாங்க. பதினோரு வீட்டுக் கதவைத் தட்டிட்டு வந்திருக்காங்க. பதினோரு வீடும் நம்ம ஆளுங்க வீடு.”

“ஏன் வரலையாம்?”

“பரக்கத்து முப்பது வருஷத்துக்கு முந்தி, புருஷன் அடி தாங்காம, படகு மெக்கானிக் ஒருத்தரோட போயிட்டாங்களாம். அவர் வேற மதம். அவரும் செத்து, ஆறு வருஷம் முந்தி வாப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, தெருவுக்கு இடியாப்பம் அவிச்சு வித்துப் பிழைச்சிருக்காங்க. ஆறு வருஷம்! அவங்க கையால பிழிஞ்ச இடியாப்பத்தை இந்தத் தெருவே தின்னிருக்கு. இன்னிக்கு அந்தக் கையைத் தொட்டுக் கழுவ மாட்டாங்களாம்!”

மெஹர்பானு தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். குடிக்காமலே வைத்தாள்.

“மையித்து குளிப்பாட்டுறதுக்குன்னே ஊர்ல ஒருத்தி இருக்காளாம், கிதுரம்மான்னு. அவளும் முடியாதுன்னுட்டா. ‘இவளைத் தொட்டா நாளைக்கு எந்த வீட்டுல என்னைக் கூப்பிடுவாங்க’ன்னு கேட்டாளாம். பள்ளிவாசல்ல அடக்கத்துக்கு இடம் தர்றாங்க, குழிகூட வெட்டிட்டாங்க. ஆனா பொம்பளை மையித்தைப் பொம்பளைதானே கழுவணும்? ஒருத்தியும் இல்லை. தொழுகைக்கு இடைவெளி விடாம நிக்கிற ஊருல ஒருத்தியும் இல்லை!”

ஆலிமா நான்காம் பக்கத்தைப் புரட்டினார்.

“இதுல எத்தனை கையெழுத்து?”

“முப்பத்தொண்ணு. நம்ம வகுப்புல மொத்தமே முப்பத்தொரு பேர்தான். ஒருத்தர் மிச்சமில்லை. ரூம் ரூமா ஏறி இறங்கி வாங்கினேன். ஜமாஅத்துக்கு ஒரு பிரதி, பத்திரிகைக்கு ஒரு பிரதி.”

“செபஸ்தியம்மா இப்ப எங்கே?”

“வாசல்லதான். நிழல்ல உட்கார வச்சு மோர் கொடுத்திருக்கேன்.”

சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. ஆலிமா அதை ஒருமுறை பார்த்தார்.

“போன வாரம் மையித்துப் பாடம் முடிஞ்சுது இல்லையா, லாத்தா?”

“முடிஞ்சுது.”

“பரீட்சையில உங்களுக்கு எவ்வளவு?”

“ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.”

“ஒரு மையித்தைக் கழுவ எத்தனை பேர் வேணும்?”

“மூணு பேர் இருந்தாப் போதும். ஒருத்தர் தண்ணி ஊத்த, ஒருத்தர் புரட்டிப் பிடிக்க, ஒருத்தர்…”

மெஹர்பானு நிறுத்தினாள்.

மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. காகிதத்தின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது.

ஆனால் அவளுடைய கோபம் அவ்வளவு லேசில் அடங்குகிற கோபமில்லை.

“நான் மையித்தைத் தொடப் பயந்து உட்காரலை, ஆலிமா. இது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம். நாம சத்தமில்லாம போய்க் கழுவிட்டு வந்தா அவங்க சுலபமாத் தப்பிச்சுடுவாங்க. உறைக்கவே உறைக்காது. நாளைக்கு இன்னொருத்திக்கும் இதையேதான் செய்வாங்க.”

“இன்னிக்கு வெயில் எத்தனை டிகிரி இருக்கும்?”

“என்ன?”

“எத்தனை டிகிரி?”

“நாற்பது இருக்கும்.”

“நீங்க வேதியியல் டீச்சர்,” என்றார் ஆலிமா. “நாற்பது டிகிரியில ஒரு உடம்பு நியாயத்துக்காக எத்தனை மணி நேரம் காத்துக்கிட்டு இருக்கும்?”

அவர் எழுந்துவிட்டார். அலமாரியிலிருந்து, மையித்துக்குச் சுற்றும் கஃபன் துணிக்கட்டையும் கற்பூரப் பொட்டலத்தையும் எடுத்தார். புர்காவை மாட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

“கையெழுத்து?” என்று பின்னாலிருந்து கேட்டாள் மெஹர்பானு.

“வந்து போடுறேன்.”

*

தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இருந்தது. சன்னல் திரைச்சீலைகள் லேசாக ஆடின. வளையல் சத்தம் கேட்டு, நின்றது.

செபஸ்தியம்மாள் முன்னால் நடந்தாள். ஆலிமாவும் மெஹர்பானுவும், கையெழுத்துப் போட்டவர்களில் கேட்டவுடனே புறப்பட்ட இன்னொருத்தியும் பின்னால் போனார்கள்.

வேப்பமரத்தடியில் ஆண்கள் நாலைந்து பேர் சந்தூக்கை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அதில்தான் மையித்தைத் தூக்கிப் போவார்கள்.

“சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள முடிச்சுக் கொடுத்துட்டா நல்லது,” என்றார் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “குழி வெட்டியாச்சு.”

“குழி வெட்ட மட்டும் ஊருல ஆள் இருக்கா?” என்றாள் மெஹர்பானு.

அவர் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலிமா நிற்காமல் உள்ளே போனார்.

வீடு ஓர் அறை. ஒரு கட்டில். மூலையில் அடுக்கிய இட்லிக் கொப்பரைகள். பரக்கத்தின் வாயை மூடித் தாடையைத் துணியால் கட்டியிருந்தது. செபஸ்தியம்மாள்தான் கட்டியிருக்கிறாள். கண்ணையும் அவள்தான் மூடியிருக்கிறாள்.

“நான் தண்ணி தூக்கலாமா? தப்பில்லையே?” என்று கேட்டாள்.

“நீங்க தூக்கலைன்னா இங்கே வேற யாரு தூக்குவா?” என்றார் ஆலிமா.

தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. இலந்தை இலையைக் கசக்கிப் போட்டார்கள்.

வகுப்பில் பஞ்சு அடைத்த சாக்கை வைத்துப் பழகியிருந்தார்கள். சாக்குக்கு எடை கிடையாது. புரட்டினால் புரளும். இது புரளவில்லை. மெஹர்பானுவின் பிடி இரண்டு முறை நழுவியது. நாற்பத்தெட்டு மார்க் வாங்கித் தந்த செய்முறை வரிசை தலையிலிருந்து அப்படியே வழிந்துபோனது.

“பிஸ்மில்லாஹ்,” என்றார் ஆலிமா. “துணிக்கு அடியில கையை விடுங்க. அவசரமில்லை.”

தொப்புளிலிருந்து முழங்கால்வரை போர்த்திய துணி விலகாமல் சுத்தம் செய்தார்கள். தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுவதுபோல ஒளு செய்வித்தார்கள். முதலில் வலப்பக்கம். பிறகு இடப்பக்கம்.

வலது உள்ளங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, தோல் கொம்பு மாதிரி காய்த்திருந்தது. இடியாப்ப உரலை அமுக்கி அமுக்கிக் காய்த்தது. மணிக்கட்டில் ஆவி பட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. நகங்களில் பெருநாளுக்கு வைத்த மருதாணி பாதியளவுக்கு மேலேறி நின்றது.

யாருக்குக் காட்டுவதற்கு வைத்துக்கொண்டிருப்பாள்?

மெஹர்பானு அந்தக் கையைக் கீழே வைக்கவில்லை.

“பாவிங்க,” என்றாள். “நல்லா இருப்பாங்களா இவங்க? இந்தக் கையைப் பார்த்தும்…”

“லாத்தா.”

“நான் சொல்றது தப்பா?”

“தப்பா சரியான்னு அப்புறம் பார்க்கலாம். இவங்க பக்கத்துல வச்சுப் பேசாதீங்க. இந்தத் தெரு பேசுறதை ஆறு வருஷமாக் கேட்டுட்டாங்க. இப்பவாவது ஒரு மணி நேரம் யாரும் யாரையும் பேசாம இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

மூன்றாம் முறை ஊற்றிய தண்ணீரில் கற்பூரம் கரைத்தார்கள். தலைமுடியை மூன்று பின்னலாகப் பின்னினார்கள். மெஹர்பானுதான் பின்னினாள். தன் மகளுக்குப் பின்னிய பிறகு வேறு யாருக்கும் பின்னியதில்லை. மூன்றாவது பின்னலை முடிக்கும்போது பிடி நழுவவில்லை.

கஃபனின் ஐந்து துணியும் சுற்றி முடிந்தது. முகத்தை மூடுவதற்கு முன் ஆலிமா செபஸ்தியம்மாளைக் கூப்பிட்டார்.

செபஸ்தியம்மாள் குனிந்து பார்த்தாள். “போயிட்டு வாக்கா,” என்றாள். முந்தானையால் தரையில் சிந்திய தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

*

சந்தூக் தெருமுனை திரும்பியது. கலிமாச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவர்கள் மூவரும் திரும்பி நடந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. மெஹர்பானுவின் புர்காக் கை முழங்கைவரை நனைந்து ஒட்டியிருந்தது. அவள் இப்போது கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வேண்டுமென்றே பார்த்தாள். எந்தக் கதவாவது திறக்கட்டும் என்று காத்திருந்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது.

ஒரு கதவு திறந்தது.

எழுபதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. வெள்ளைத் துப்பட்டி. படியிறங்கப் பயந்து நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றது.

“ஆலிமாம்மா… கழுவியாச்சா?”

“ஆச்சு, கிதுரம்மா.”

இவள்தானா! மெஹர்பானு ஓரடி முன்னால் வந்தாள்.

“பின்னல் போட்டீங்களா? அவளுக்கு முடி நிறைய.”

“மூணு பின்னல் போட்டோம்.”

கிதுரம்மா தலையாட்டினாள். போகவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

“நாற்பது வருஷமா இந்த ஊரு மையித்தையெல்லாம் நான்தான் கழுவுறேன். அவ உம்மாவைக் கழுவினதும் நான்தான். இன்னிக்கு என்னைப் பெத்த ஊருக்குப் பயந்து படுத்துக்கிட்டேன். ஒருத்தருமே கழுவலைன்னா ஊரு பூராவும் குத்தவாளின்னு ஹஜ்ரத்து பள்ளிவாசல் பயான்ல சொல்வாங்களே… காலையில இருந்து ஒரு வாய் தண்ணி இறங்கலை, ஆலிமாம்மா. என் மேலே எவ்வளவு குத்தம் எழுதியிருக்கும்?”

ஆலிமா மெஹர்பானுவைக் காட்டினார்.

“இந்த லாத்தாகிட்ட கேளுங்க. அவங்களுக்குத்தான் பாடம் மனப்பாடம்.”

கிதுரம்மா மெஹர்பானுவின் முகத்தைப் பார்த்தாள். நீதிபதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

புகாரின் நான்கு பக்கமும் மெஹர்பானுவின் நாக்கில் வந்து நின்றன. ஒவ்வொரு வரியும் கூராக, வரிசையாக. பதினோரு கதவுகள். ஆறு வருட இடியாப்பம். காய்த்துப்போன உள்ளங்கை.

பரீட்சையின் ஏழாவது கேள்வியும் வந்து நின்றது. மையித்தைக் கழுவுவது ஊருக்குப் பொதுவான கடமை, யாருமே செய்யாவிட்டால் எல்லோர் மேலும் குற்றம், சிலர் செய்துவிட்டால்? அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

அவள் ஆலிமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆலிமா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லும்மா,” என்றாள் கிதுரம்மா. “பொய் சொல்லாம சொல்லு. எவ்வளவு?”

மெஹர்பானு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்லை,” என்றாள். “நாங்க கழுவிட்டோம்.”