கூகைப்பாறை கேட்டும் எம்.எல்.ஏ. மாசானமும்

எம்.எல்.ஏ. கதைன்னு சொன்னதுமே உங்க முகத்துல ஒரு வெளிச்சம் வருது பாருங்க! கட்டிலுக்கு அடியில பணக்கட்டு, மச்சான் பேர்ல தோப்பு, ராத்திரியோட ராத்திரியா ரிசார்ட்டுக்குப் போற பஸ்ஸுன்னு எல்லாம் வரும்னு காலை நல்லா நீட்டி உக்காந்துட்டீங்க. வராது. காலை மடக்கிக்குங்க. இந்த எம்.எல்.ஏ. நல்லவர்.

சரி, குரு சீடன் கதையாச்சே, ஆலமரம், தாடி, கமண்டலமாவது வரும்னு பாப்பீங்க. அதுவும் கிடையாது. குரு தினமும் ஷேவிங் பண்ற ஆளு. அவர்கிட்ட ஒரு தையல் மிஷின் இருக்கு. சீடர்கிட்ட இடுப்பு வலியும் ஒரு வெள்ளைக் காரும் இருக்கு. போதுமா?

போதும்னா கேளுங்க.

கூகைப்பாறை டீ எஸ்டேட்டுக்குப் போற மலைப்பாதையில சின்னதா ஒரு பஜார். அங்க டீக்கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவுல நசுங்கினாப்புல ஒரு தையக்கடை. ஞானசிகாமணியோட கடை. கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க மழைக்கு இடுப்புல சுத்திக்கிற படங்கைத் தைக்கிறதுதான் அவர் பொழைப்பு. ஒரு காலத்துல எஸ்டேட் ஃபேக்டரியில வேலை பாத்தவர். வேலை முடிஞ்சதும் தொழிலாளிங்க குடியிருக்கிற லயன் வரிசை வீட்டு வாசல்ல பாயை விரிச்சுப் போட்டு, தொழிலாளிங்களுக்கு அரசியல் வகுப்பு எடுப்பார். அந்தப் பாவத்துக்குக் கம்பெனி அவரைத் தூக்கிருச்சு. வேலை போச்சு. வாத்தியார்ங்கிற பேரு மட்டும் போகல.

அந்தப் பாய்ல முன்னாடி உக்காந்து, தொண்டை கிழியக் கேள்வி கேட்டவர்தான் மாசானம். அப்புறம் யூனியன் தலைவர் ஆனார். அதுக்கப்புறம், "புரட்சி வர்ற வரைக்கும் ஜனங்க நனைஞ்சுட்டே இருக்கணுமா? ஓட்டு வழியாவே சோசலிசம் கொண்டுவருவோம்"னு சொல்லிட்டு எலெக்ஷன்ல நின்னார். ஜெயிச்சார். திரும்பத் திரும்ப ஜெயிச்சார். வாத்தியார் ஒரு தடவைகூட அவருக்கு ஓட்டுப் போடல. போடலைங்கிறதை ஒவ்வொரு தடவையும் நேர்லயே கூப்பிட்டுச் சொல்லுவார்.

இப்போ மாசானம் ஓய்வெடுக்கப் போறார். மறுநாள் எஸ்டேட் கிரவுண்டுல பாராட்டு விழா. மேடை ரெடி, சீரியல் லைட் ரெடி, ஆள் உயர மாலை ரெடி. ஒண்ணே ஒண்ணு மட்டும் குறை. அதைக் கேக்கத்தான் காரைத் தூரத்துலயே நிறுத்திட்டு, தனியா நடந்து தையக்கடைக்கு வந்தார்.

"வாத்தியாரே, நாளைக்கு நீங்க மேடைக்கு வரணும்."

"தைக்கிற வேலை கெடக்கு."

"ஒரு வார்த்தை பேசினாப் போதும்."

"எந்த வார்த்தை?"

மாசானம் அசெம்பிளியில மந்திரிங்களையே மடக்கின ஆளு. இப்போ வெக்கத்துல நெளிஞ்சார்.

"'நல்லா செஞ்சடா'ன்னு."

ஊரே சொன்னதுதான். கலெக்டர் சொல்லிட்டார், எதிர்க்கட்சிக்காரங்க சொல்லிட்டாங்க. ஆனா இந்த ஒரு வாயில இருந்து வராம மாசானத்துக்கு எதுவும் வந்த மாதிரி இல்ல.

வாத்தியார் மிஷினை நிறுத்தல. "பங்களாவுல இருக்கிற மேனேஜர் தொரை என்ன சொன்னாரு?"

"கையைப் புடிச்சுக் குலுக்கி, ரொம்ப நல்லா செஞ்சீங்கன்னாரு."

"விழாவுக்கு வர்றாரா?"

"வராம? அந்த மாலையே அவர் செலவு."

வாத்தியார் நூலைப் பல்லால கடிச்சு அறுத்தார். "நல்ல கனமாத்தான் இருக்கும்."

மாசானத்துக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஆனாலும் சிரிச்சார். இந்தக் கடையில குத்து வாங்குறதும் அவருக்கு ஒரு சுகம்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தார்.

"கிண்டல் பண்ணாம சொல்லுங்க வாத்தியாரே. நான் செஞ்சதுல என்ன குறை?"

வாத்தியாருக்கு ஒரு வித்தை தெரியும். அப்படியே மாசானம் மாதிரி பேசுவார். கையில இருந்த கத்திரிக்கோலை மைக் மாதிரி புடிச்சார். தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே!"

நிறுத்தினார். இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை.

"கேட்டது... முழுசா... கெடைக்கல."

இன்னொரு நிறுத்தம். மூக்குக் கண்ணாடியை மேல தள்ளினார்.

"ஆனா... இப்போதைக்கு... இது!"

பக்கத்துக் கறிக்கடைக்காரர் அங்கிருந்தே கை தட்டினார். மாசானத்துக்கே சிரிப்பு தாங்கல. "நான் அப்படியா பேசுறேன்?"

"எல்லா வெற்றி விழாவுலயும். கூலி கேட்டோம். பாதியை வாங்கிட்டு வந்து இப்போதைக்கு இதுன்ன. நிலம் கேட்டோம். லயனுக்குப் புது ஓடு வாங்கிட்டு வந்து இப்போதைக்கு இதுன்ன. தோட்டத்தைத் தொழிலாளி கையில குடுன்னு கேட்டோம். தோட்டத்துக்குள்ள பால்வாடி வந்துச்சு. உன் காலம் முழுக்க இப்போதைக்காவே போயிருச்சே, மாசானம்."

"ஓடு வந்துச்சுல்ல? இப்போ ஒழுகலைல்ல? நீங்க சொன்னபடி மொத்தமா வரும்னு காத்துட்டு இருந்தா, ஒரு ஓடாவது வந்திருக்குமா?"

"வந்திருக்காது."

பட்டுனு ஒத்துக்கிட்டார். மாசானத்துக்குப் பெரிய ஏமாத்தமாப் போச்சு. அடுத்து சொல்றதுக்கு வரிசையா வெச்சிருந்தாரே, அத்தனையும் வீண்.

"பால்வாடியும் வந்திருக்காது," வாத்தியாரே சேத்துக்கிட்டார். "நான் ஒரு துரும்பைக்கூட வாங்கிக் குடுக்கல."

"அப்புறம் என்ன? நான் செஞ்சது சரிதான்னு ஆச்சுல்ல?"

வாத்தியார் தைச்ச படங்கை மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டார். "இதை லயனுக்குள்ள கொண்டுபோய்க் குடுக்கணும். கூட வா."

ரெண்டு பேரும் பேசிட்டே நடந்தாங்க. வெயில் இதமா இருந்துச்சு. வழியில வந்தவங்க எல்லாம் மாசானத்துக்குக் கும்பிடு போட்டாங்க, வாத்தியார்கிட்ட படங்கு எப்போ ரெடியாகும்னு கேட்டாங்க.

பஜார் முடியுற எடத்துல கூகைப்பாறை கேட்டு. ரோட்டுக்குக் குறுக்க ஒரு இரும்புக் கம்பி, அதுல ஒரு பூட்டு. லயன் வீடுங்களுக்குப் போக வேற வழி கிடையாது. ரோடு கம்பெனி ரோடு. எஸ்டேட் ஆளுங்க வெறுங்கையோட வந்தா ஓரமா நுழைஞ்சு போயிடலாம். ஒரு மூட்டையைத் தூக்கிட்டு வந்தாலோ, வீட்டுக்கு ஒறவுக்காரங்க வந்தாலோ, ஆம்புலன்ஸே வந்தாலோ, வாட்ச்மேன் பங்களாவுக்குப் போன் போட்டுக் கேக்கணும். அங்க இருந்து 'சரி'ன்னு வந்தாத்தான் கம்பி மேல போகும். அதுவரைக்கும் காத்துட்டு இருக்கணும்.

வாட்ச்மேன் தொம்மை மாசானத்தைப் பாத்ததும் விறைப்பா ஒரு சல்யூட் வெச்சு, சாவியை எடுத்தார்.

"எனக்கு?" வாத்தியார் கேட்டார்.

"தலைவர்கூட வந்தா நீங்களும் அப்படியே போலாம் வாத்தியாரே."

"நான் அவர்கூட வரல. அவர்தான் என்கூட வந்தாரு. நான் கம்பெனி வெளிய தள்ளின ஆளு. முறைப்படி போன் போடு."

"எதுக்கு வாத்தியாரே வம்பு..."

"போடு தொம்மை."

மாசானம் மட்டும் எப்படிப் போவார்? "நானும் காத்திருக்கேன். போடுங்க"ன்னார். தொம்மை போன் போட்டார். கேட்டார். வெச்சார்.

"தொரை குளிக்கிறாராம். வந்ததும் சொல்றாங்களாம்."

கேட்டுக்குப் பக்கத்துல ஒரு கொட்டகை. தகரக் கூரை, நாலு இரும்புத் தூண், சிமெண்டு பெஞ்சு, குடிதண்ணித் தொட்டி, மேல ஒரு ஃபேன்கூட. நெத்தியில பெயிண்டுல எழுதியிருந்துச்சு, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதின்னு. மாசானம் அதை ஒரு தடவை தடவிப் பாத்துட்டு உக்காந்தார். ஃபேன் காத்து சுகமா வந்துச்சு. இடுப்பு வலிக்கும் அந்தப் பெஞ்சு தோதா இருந்துச்சு.

பெஞ்சோட அந்த ஓரத்துல செல்லக்கனி உக்காந்திருந்தா. கொழுந்து பறிக்கிற பொம்பளை. சந்தையில வாங்கின அரிசி மூட்டை காலடியில, ஒரு சேவல் கக்கத்துல. அவளும் அந்தக் குளியல் முடியத்தான் காத்திருந்தா. மாசானத்தைப் பாத்ததும் சேவலோட எந்திரிச்சு நின்னுட்டா.

"உக்காரும்மா, உக்காரு. ரொம்ப நேரமா இருக்கியா?"

"அது கெடக்கு தலைவரே. ஃபேன்தான் ஓடுதே."

மடியில இருந்து வறுத்த கடலையை எடுத்து ரெண்டு பேருக்கும் குடுத்தா. தொம்மையும் வந்து ஒரு கை வாங்கிக்கிட்டார். நாலு பேரும் கடலையைக் கொறிச்சாங்க. சேவல் அவ மடியில சிந்தினதைக் கொத்துச்சு. யாருக்கும் ஒரு அவசரமும் இல்ல.

மாசானம் வாத்தியார் பக்கம் சாஞ்சு, மெதுவா ஆரம்பிச்சார். "பதில் சொல்லவே இல்லையே வாத்தியாரே. நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"மேடையில எனக்குன்னு நேரம் ஒதுக்கி இருக்கியா?"

"எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

"அதை இந்தப் புள்ளைக்குக் குடுத்துரு."

"யாருக்கு, செல்லக்கனிக்கா?"

"எனக்கு வாழ்த்த வராது. இவ மனசாரப் பேசுவா."

"நான் கேட்டது உங்க வார்த்தையை."

"இவ என்ன சொல்றாளோ அதுதான் என் வார்த்தை. பாராட்டினா நானும் பாராட்டின மாதிரி. மேடையில பக்கத்துலயே நின்னு தலையாட்டுறேன். போதுமா?"

மாசானத்துக்கு முகம் மலர்ந்து போச்சு. செல்லக்கனி தன்னைத் திட்டவா போறா? கடலை குடுத்த கை ஆச்சே! தேடி வந்தது கைக்கு வந்துருச்சுன்னே நெனச்சார்.

"பேசுறியாம்மா நாளைக்கு?"

"ஐயையோ, மைக்குலயா? எனக்கு நாக்கு ஒட்டிக்கும் தலைவரே."

"இங்கயே ஒரு தடவை பேசிப் பாரு. நாங்க மூணு பேரும்தான் கூட்டம்னு வெச்சுக்கோ."

செல்லக்கனி சேவலைத் தொம்மை கையில குடுத்தா. சேலையை இழுத்துச் சொருகினா. மூட்டைக்குப் பின்னாடி மேடை மாதிரி நின்னுக்கிட்டா.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க தலைவர் லயனுக்கு ஓடு போட்டுக் குடுத்தாரு. பால்வாடி கட்டிக் குடுத்தாரு. கூலி ஏத்திக் குடுத்தாரு. எங்க கஷ்டத்துக்கெல்லாம் அவர் வீட்டுக் கதவைத் தட்டினா, சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சு வருவாரு."

மாசானம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். ஓரக்கண்ணால பாத்தார். வாத்தியார் சொன்னபடியே தலையாட்டிட்டு இருந்தார்.

"ஆனா எல்லாத்தையும்விட இந்தக் கொட்டகைதான் பெருசு."

"அதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லு தாயி"ன்னார் வாத்தியார்.

"சொல்றேன். இது வர்றதுக்கு முந்தி இங்க நிக்கவே முடியாது. மேல மழை, கீழ அட்டை. கொட்டுற மழையில மூட்டையை வெச்சுக்கிட்டு, காலுல ஏறுற அட்டையைப் புடுங்கிப் போட்டுக்கிட்டே நிப்போம். நின்னு நின்னு எங்க வீட்டுக்காரருக்கும் கூட இருந்தவங்களுக்கும் வெறி புடிச்சிருச்சு. இந்தக் கேட்டையே பேத்து ஆத்துல வீசிருவோம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"யாரு, நாலஞ்சு பசங்களா?" மாசானம் சிரிச்சுக்கிட்டே கேட்டார்.

"எல்லா லயனும் தலைவரே! பொம்பளைங்கதான் முன்னாடி போறதுன்னு பேச்சு. கடப்பாரையெல்லாம் கொண்டாந்து அந்தா தெரியுற புதருக்குள்ள ஒளிச்சு வெச்சாச்சு. ஞாயித்துக்கெழமைன்னு நாளும் குறிச்சாச்சு. இந்தத் தொம்மை அண்ணன்கூட, சாவியைத் தூக்கிப் போட்டுட்டு நானும் வரேன்னாரு."

தொம்மை சேவலோட கொண்டையை ரொம்பக் கவனமா பாத்தார்.

"சனிக்கெழமை பாத்தா, தலைவர் லாரியோட வந்து நிக்கிறாரு. தகரம், தூணு, சிமெண்டு. 'தொரைகிட்டப் பேசி எடம் வாங்கிட்டேன், இனிமே நீங்க யாரும் நனைய வேணாம்'னு சொன்னாரு. எங்களுக்கெல்லாம் அழுகையே வந்துருச்சு. அத்தோட கேட்டுப் பேச்சு போச்சு. மறுநா ஞாயித்துக்கெழமை ஒருத்தர் பாக்கி இல்லாம வந்துட்டோம், இதைக் கட்டுறதுக்கு."

மாசானத்தோட கை கண்ணாடியோட அப்படியே நின்னுச்சு. வாத்தியாரும் தலையாட்டுறதை நிறுத்திட்டார். செல்லக்கனி ரெண்டையும் கவனிக்கல. பேச்சு தடங்கல் இல்லாம வந்த சந்தோஷத்துல, பக்கத்துல இருந்த தூணைப் படார்னு ஒரு தட்டு தட்டினா.

"கடப்பாரைக்கும் எங்கயும் அலையல தலைவரே! புதருக்குள்ள வெச்சிருந்தோம்ல? அதாலதான் இந்த நாலு தூணுக்கும் குழி தோண்டினோம்!"