மூன்று டிவியும் ஒரு தங்கச்சியும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் கோயில் பாட்டுக்குழு ரோசம்மா மைனி. போன அசனப் பண்டிகையில் ஊருக்கே போடும் சாப்பாட்டுக்கு எல்லாருமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கர்த்தர் அவளுக்கு நல்ல சுகம் கொடுக்கட்டும், சிரிக்காமலே சொல்லி முடித்தாள்.

மாவடிவிளையில் தாசையா, வேதமுத்து, பாக்கியம் என்று மூன்று அண்ணன் தம்பிமார். அவர்களுக்கு உயிரே தங்கச்சி ஜெபக்கனிதான். அவள் கபடி ஆடுகிறவள். அன்று சாயங்காலம் அவள் ஆடும் இறுதிப் போட்டியை டிவியில் காட்டப்போகிறார்கள். வீட்டிலோ டிவி இல்லை.

காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள். "கடை வெளிச்சத்துல எல்லா டிவியும் பளபளன்னுதான் இருக்கும். நம்ம வீட்டு வெளிச்சத்துல எப்படி இருக்கும்னு பாருங்க. ஒரே விலையில எது லாபம்னு யோசிச்சு வாங்குங்க."

வீட்டு பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். கடையில் ஒவ்வொரு டிவிக்கும் மேலே அதைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"எரியலையே அண்ணே," என்றான் பாக்கியம்.

"பகல்ல நம்ம வீட்லயும் எரியாதுல்லா," என்றார் தாசையா. அது சரிதான் என்று மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

மூன்று டிவியும் ஒரே விலை. ஒன்றில் அருவி ஓடியது, ஒன்றில் கிளி, ஒன்றில் மீன்கள்.

"கிளி டிவில ஒத்தக் கிளி. மீன் டிவில எம்புட்டு மீன் கெடக்கு பாரு. அதான் லாபம்," என்றான் வேதமுத்து.

"அத்தனைக்கும் தீனி யாருல போட? அருவியே எடுப்போம்," என்றார் தாசையா.

"கரண்டு டப்பாக்குள்ள தண்ணியா? பிள்ளைக வந்து போற வீடுல்லா."

இப்படியே ஆட்ட நேரம் வந்துவிட்டது. கடைக்காரர் பாவப்பட்டு மூன்றிலும் கபடியைப் போட்டார்.

"மீனையெல்லாம் எங்க விட்டிய அண்ணாச்சி?" என்று தாசையா கேட்டு முடிப்பதற்குள் ஜெபக்கனி வந்துவிட்டாள், மூன்று டிவியிலும்.

"பாவம், ஒத்தப் பிள்ளை மூணு எடத்துல ஆடுது," என்று வேதமுத்து கண்ணைத் துடைத்தான்.

மீன் டிவி மட்டும் நெட்டில் ஓடியது. அதில் படம் கொஞ்சம் பிந்தி வந்தது. கிளி டிவியில் ஜெபக்கனியை இடது மூலையில் பிடித்துவிட்டார்கள். மீன் டிவியில் அவள் இன்னும் கபடி கபடி என்று போய்க்கொண்டிருந்தாள். வேதமுத்து அங்கே ஓடினான்.

"ஏ கனி, எடப்பக்கம் போவாத தாயி. அந்த டிவில பிடிச்சிட்டாவ."

போனாள், பிடிபட்டாள்.

"சத்தம் பத்தல," என்றார் தாசையா.

ஆட்டத்தின் கடைசியில் கபடி பாடிப் போனபோது, கிளி டிவியில் அவள் இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பி ஜெயித்துவிட்டாள். மூன்று பேரும் மீன் டிவி முன்னால் சேர்ந்து கத்தினார்கள்.

"பயப்படாமப் போ, ரெண்டு பேரைத் தொட்டுட்டு வா."

அப்படியே செய்தாள்.

"பாத்தியா, கேட்டிருச்சு. சொன்ன பேச்சு கேக்குற டிவி இது ஒண்ணுதான்," என்றார் தாசையா. அதையே வாங்கினார்கள்.

வாசலுக்கு வந்ததும் பாக்கியத்துக்கு ஒரு சந்தேகம். "வீட்ல வச்சா, பக்கத்துல கிளி டிவி இருக்காதே. முந்தியே என்ன நடக்குன்னு யாரு சொல்லுவா?"

வெகுநேரம் யோசித்து வேதமுத்துவைக் கிளி டிவி முன்னாலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள். அவன் பார்த்துப் போன் பண்ணினால், இவர்கள் வீட்டில் கத்துவார்கள்.

அடுத்த ஆட்டம் தை மாசம்தானாம். நீங்கள் அந்தக் கடைப் பக்கம் போனால், அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.