வியாழனில் எடை குறைத்த மூவர்

அசட்டூர்க்காரர்கள் மூன்று பேரை வியாழன் கிரகத்துக்கு அனுப்பலாம் என்றது யார் யோசனை என்று கேட்டால், இன்றைக்கும் விண்வெளி ஆபீஸில் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்க்கிறார்கள். ஆனால் அனுப்பினார்கள். தலைவன் திருமேனி. கூட சடையப்பன், பொன்னுரங்கம். பலூனில் தொங்கும் சின்னக் கப்பல் ஒன்று.

தாய்க்கப்பலிலிருந்து இறக்கிவிடும்போது மேலதிகாரி அம்மையார் தெளிவாகத்தான் சொன்னார்: "மேகத்துக்குள்ள போய்ப் பாருங்க. தரை வரும்னு காத்திருக்காதீங்க. வியாழன் முழுக்க வாயு, தரையே கிடையாது."

மேகத்தைத் தொட்டதும் திருமேனி கேட்டான்.

"காத்திருக்கக் கூடாதாமே?"

"அப்படின்னா வேகமாப் போகணும்ணே," என்றான் சடையப்பன்.

பலூனின் வாயை அகலத் திறந்துவிட்டார்கள். கப்பல் கல்லாக இறங்கியது. மஞ்சள் மேகம் போய்ப் பழுப்பு மேகம் வந்தது. அதுவும் போய் இருட்டு வந்தது. சுவர் மடேரென்று உள்பக்கம் நசுங்கியது.

ரேடியோ அலறியது. "அழுத்தம் ஏறுது! பலூன் வாயை மூடுங்க! உடனே எடையைக் குறைங்க!"

வாயை மூடிவிட்டார்கள். அது புரிந்தது. எடைதான் இடித்தது.

"நீ ரெண்டாந்தடவை பொங்கல் வாங்கும்போதே நெனச்சேன்," என்று திருமேனி சடையப்பனை ஏற இறங்கப் பார்த்தான்.

சடையப்பன் நின்ற இடத்திலேயே ஓடினான். கால் மணி நேரம் ஓடினான். சுவர் இன்னொரு சாண் உள்ளே வந்தது.

"அண்ணே, அந்தப் பெட்டியில எட்டு மூட்டை கெடக்கே?" என்றான் பொன்னுரங்கம்.

"நல்லாப் படிச்சுப் பாரு. 'மணல்'னு எழுதியிருக்கு. மேடம் சொன்னது எடை."

பொன்னுரங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது.

மூவரும் மொட்டையடித்துக்கொண்டார்கள். பலனில்லை. மிச்சமிருந்தது திருமேனியின் மீசை. பதினாறு வருஷம் எண்ணெய் தடவி வளர்த்தது. கத்தரிக்கோலை வாங்கினான்.

"உங்க ரெண்டு பேருக்காகத்தான்டா," என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வெட்டினான்.

அதைக் குப்பையில் போட அவனுக்கு மனம் வரவில்லை. மூட்டைகளின் மேல் மெதுவாக வைத்து, பெட்டியின் பிடியை இழுத்தான். பெட்டியின் அடிப்பக்கம் திறந்தது. மீசை போயிற்று. கூடவே எட்டு மூட்டையும் போயின.

கப்பல் ஜிவ்வென்று மேலே கிளம்பியது.

"இவ்வளவு கனத்தையா அண்ணே மூஞ்சியில சுமந்தீங்க?" சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. திருமேனி வெறும் உதட்டைத் தடவியபடி அடக்கமாகத் தலையசைத்தான்.

கடைசி மேகத்தையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கண்ணாடியில் வெயில் அடித்தது. ரேடியோவில் அம்மையாரின் குரல் வந்தது. "பொழச்சீங்களே! போதும்ப்பா. வந்த வழியே திரும்பி வந்துடுங்க."

மூவரும் யோசித்தார்கள்.

"இப்ப நாம எந்த வழியா வந்தோம்?" என்றான் திருமேனி.

பொன்னுரங்கம் எட்டிப் பார்த்து, கீழே கை காட்டினான்.

"மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று திருமேனி பலூனின் வாயைத் திறந்தான்.