தலையாட்டிய அதிகாரி

மலைமேல் இருந்த இருளர் ஊருக்கு மொழிக் கணக்கெடுக்க வந்த அதிகாரி தண்டபாணி, தாய்மொழி என்ற கட்டத்தில் எல்லாருக்கும் ‘தமிழ்’ என்றே எழுதித் தள்ளினார். தேநீர் கொண்டுவந்த பள்ளிக்கூடச் சமையல்காரி மருதி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, எங்க பேச்சு வேற. இருள மொழின்னு எழுதுங்க."

"அதெல்லாம் ஒரு மொழியா? கொச்சைத் தமிழ். நீங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியும்."

வெளியே போகணும் என்று மருதியின் மகள் வகுப்பில் தன் மொழியில் கெஞ்சியும், வாத்தியாருக்குப் புரியாமல், குழந்தை பாவாடையை நனைத்துக்கொண்டு அழுதது போன வாரம்தான்.

மருதி, கணக்குக் கொடுக்கக் கூடியிருந்த ஊரார் முன்னால் கைகூப்பி, தன் மொழியில் மளமளவென்று ஏதோ கேட்டாள். புரியவில்லை என்று சொல்லக் கௌரவம் இடம்கொடுக்காத தண்டபாணி, "சரி சரி, அப்படியே செஞ்சிடலாம்" என்று தலையாட்டினார்.

ஊரே கைதட்டியது. அவர் முகம் வெளுத்தது.

"என்ன கேட்டே நீ?"

"எங்க மொழியத் தனியா எழுதி, அது தெரிஞ்ச வாத்தியார அனுப்பச் சொல்லுவீங்களான்னு கேட்டேன். சரின்னீங்க."

"ஐயையோ, அது எனக்குப் புரியவே இல்லையே!"

"புரிஞ்சிருந்தா ஊரறிய வாக்குக் குடுத்தாச்சு. புரியலைன்னா அது தமிழே இல்ல. எதுன்னு நீங்களே எழுதுங்க, ஐயா."

தண்டபாணி பேனாவை எடுத்தார். முதல் பெயரிலிருந்து ‘தமிழ்’ என்பதை அடித்து, ‘இருள மொழி’ என்று எழுதத் தொடங்கினார். கடைசிப் பெயர் முடியும்வரை மருதி மேசையைவிட்டு நகரவில்லை.