திரும்ப இடமில்லாத சுரங்கம்

ஒரு பெரிய புல்வெளி. அதற்கு மேற்கே ஒரு காடு, கிழக்கே ஒரு காடு. மேற்குக் காட்டுக்குத் தலைவர் கிளைக்கொம்பர் என்ற கடமான். கிழக்குக் காட்டுக்குத் தலைவர் சடையர் என்ற கரடி. இரண்டு பேருக்கும் கோபம் மூக்குக்கு மேல் வரும். யோசனை மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும்.

ஒருநாள் புல்வெளி ஓரத்து விளாமரத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. விழுந்த இடம் கடமானுடைய மருமகனின் மண்டை. அந்த நேரம் பார்த்து மரத்தில் ஒரு கிழக்குக் காட்டு அணில் உட்கார்ந்திருந்தது.

"அணில் வேணும்னே போட்டிருக்கு!" என்று கொதித்தார் கிளைக்கொம்பர்.

"ஐயோ, காய் தானா விழுந்துச்சு!" என்றது அணில்.

யார் கேட்டார்கள்? அணிலைத் தொட்டால் என்னைத் தொட்ட மாதிரி என்று முயல் குதித்தது. முயலுக்குத் துணையாக உடும்பு வந்தது. உடும்புக்கு வாக்குக் கொடுத்திருந்த கரடி எழுந்தது. இந்தப் பக்கம் கடமானுக்கு வாக்குக் கொடுத்திருந்த நரி வந்தது. நரிக்கு வாக்குக் கொடுத்திருந்த குரங்குகளும் வந்தன. எங்கோ கடற்கரையில் வளை தோண்டிப் பிழைத்த நண்டுகளைக்கூட இரண்டு பக்கமும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவற்றுக்கு அணிலையும் தெரியாது, கடமானையும் தெரியாது. மருமகனின் வீக்கம் மறுநாளே வடிந்துவிட்டது. சண்டைதான் வடியவில்லை.

மேற்குக் காட்டில் குறுமூக்கன் என்று ஒரு பெருச்சாளி இருந்தான். மண் தோண்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் மனைவி அப்போதுதான் குட்டிகள் ஈன்றிருந்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

"குழி தோண்டணும், கிளம்பு!" என்றார் கிளைக்கொம்பர்.

"ஐயா, குட்டிங்க கண்ணு திறக்கிறதைப் பாத்துட்டு ஓடி வந்துடறேனே!"

"அட, அதுக்குள்ள ஜெயிச்சுடுவோம்டா! நீ வீட்டுல இருந்து நிதானமா பாக்கலாம்!"

நம்பினான் குறுமூக்கன். புல்வெளி ஓரமாக நீளமாக ஒரு பதுங்குகுழி தோண்டினான். எதிர்ப்பக்கம் முள்ளம்பன்றிகளும் அதேபோல் தோண்டின. இரண்டு பக்கமும் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு விளாங்காயால் அடித்துக்கொண்டார்கள். தலையைத் தூக்கியவன் தொலைந்தான். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. கழுகுகளுக்குத்தான் கொண்டாட்டம்.

மழைக்காலம் வந்தது. குழியெல்லாம் சேறு. கால் விரல்கள் ஊறி வெளுத்து அழுகின. குட்டிகள் கண் திறந்து எத்தனையோ நாளாகியிருக்கும். கிளைக்கொம்பர் மேட்டுப் பாறை நிழலில் நனையாமல் நின்றுகொண்டு, தினமும் காகத்திடம், "வெற்றி பக்கத்துல வந்துடுச்சு!" என்று சொல்லியனுப்பினார்.

குறுமூக்கனுக்குப் பக்கத்தில் ஒரு நண்டு இருந்தது. கடலைப் பற்றி ஓயாமல் பேசும். ஒருநாள் மழை விட்டதா என்று எட்டிப் பார்த்தது. ஒரு காய் வந்து அதன் முதுகோட்டை நொறுக்கிக் கொன்றுவிட்டது. அன்றைக்குக் குறுமூக்கனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் எதிர்க்குழியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எறியப் போறோம்! தலையைக் குனிஞ்சுக்குங்கப்பா!"

எல்லோரும் குனிந்தார்கள். காய்கள் தலைக்கு மேலே பறந்துபோய் விழுந்தன. ஒருவருக்கும் அடி இல்லை. குறுமூக்கன் புரிந்துகொண்டான்.

"இப்ப எங்க முறை! நீங்களும் குனிஞ்சுக்குங்க!" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. உச்சிவேளையில் மட்டும் சண்டை, அதுவும் சொல்லிவிட்டு! மற்ற நேரமெல்லாம் நிம்மதி.

காகம் சும்மா இருக்குமா? போய்ப் பற்றவைத்துவிட்டது. கிளைக்கொம்பர் குதித்தார்.

"ஒருத்தனுக்குக்கூடக் காயமில்லையா? சண்டை போடறீங்களா, கண்ணாமூச்சி ஆடறீங்களா? டேய் குறுமூக்கா! இங்கிருந்து அவங்க குழி வரைக்கும் பூமிக்கடியில ஒரு சுரங்கம் தோண்டு. நான் ஏரிக்கரையை உடைச்சு விடறேன். அத்தனை பேரும் மூழ்கிச் சாகட்டும்! முடிச்சதும் நீ வீட்டுக்குப் போகலாம்!"

வீடு! அந்த ஒரு சொல் போதும். குறுமூக்கன் இரவு பகல் பாராமல் தோண்டினான். குட்டிகள் யார் ஜாடை, எத்தனை உயரம் என்று நினைத்துக்கொண்டே தோண்டினான். எதிர்க்குழியில் இருப்பவர்களை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

பாதி தூரம் போயிருப்பான். திடீரென்று மண் சரிந்தது. அவன் மூக்கில் இன்னொரு மூக்கு முட்டியது.

"யார்ரா அது?"

"நீ யாரு?"

"பெருச்சாளி!"

"நான் முள்ளம்பன்றி! குத்திடுவேன், ஜாக்கிரதை!"

"எங்க, குத்து பாப்போம்!"

முட்கள் சுரங்கச் சுவரில் உரசின. பிறகு இருட்டுக்குள்ளிருந்து தயக்கமாகப் பதில் வந்தது.

"குத்தணும்னா நான் பின்பக்கமா திரும்பணும். இங்க திரும்ப இடமில்லை."

குறுமூக்கனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முள்ளம்பன்றியும் சிரித்தது. மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இந்தக் குரலைக் கேட்டிருக்கேனே! தலையைக் குனிஞ்சுக்கோன்னு கத்தறது நீதானே?"

"ஆமாண்ணே. என் பேரு சிலிர்ப்பன். உங்க குரலும் எனக்குத் தெரியும்."

"இங்க எதுக்குத் தோண்டறே, தம்பி?"

"ஆத்தைத் திருப்பிவிட்டு உங்களையெல்லாம் மூழ்கடிக்கத்தான். முடிச்சா வீட்டுக்கு விடறேன்னார் சடையர். எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குண்ணே. பொண்ணு இன்னும் காத்திருக்கோ என்னமோ! நீங்க?"

உனக்கும் தண்ணீர்தான் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் குறுமூக்கன் சொன்னான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தம்பி, உன்னைக் கொன்னுட்டு வீட்டுக்குப் போய்க் குட்டிங்களைக் கொஞ்ச என்னால ஆகாது. இந்தச் சுரங்கத்தை மூடிடுவோம். உச்சிவேளையில நான் மேல ஏறி வரேன். எறியாதீங்க."

"எங்காளுங்க எல்லாரும் என் பேச்சைக் கேப்பாங்களான்னு தெரியலையே அண்ணே!"

"தெரியலைன்னாலும் வரேன்."

மறுநாள் உச்சிவேளை. குறுமூக்கன் குழியைவிட்டு ஏறினான். நரி அவன் வாலைப் பிடித்து இழுத்தது. "பைத்தியமா உனக்கு? செத்துப் போவே!"

வாலை விடுவித்துக்கொண்டு மேலே போய் நின்றான். எதிரே ஒரு முள்ளம்பன்றி காயை ஓங்கியது. குட்டிகளை ஒருமுறை மனத்தில் நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

காய் வந்து காலடியில் உருண்டது. காய் இல்லை, கமகமவென்று பழுத்த பழம்!

"சாப்பிடுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே சிலிர்ப்பன் குழியிலிருந்து ஏறினான். அவன் பின்னால் உடும்பு ஏறியது. இந்தப் பக்கம் குரங்குகள் ஏறின. நண்டுகள் பக்கவாட்டில் ஓடிவந்தன. கொஞ்ச நேரத்தில் புல்வெளி நிறைய ஆட்கள். யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

கடமானும் கரடியும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

"எறியுங்கடா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அவ்வளவு ஆசையா இருந்தா நீங்க ரெண்டு பேரும் குழியில இறங்கி எறியுங்க, ஐயா!" என்றான் குறுமூக்கன்.

கிளைக்கொம்பர் குழியை எட்டிப் பார்த்தார். சேறு, நாற்றம், நீர்ப்பாம்பு. "எனக்குக் கொம்பு உள்ளே நுழையாதே!" என்றார்.

"எனக்குச் சளி!" என்றார் சடையர், வராத இருமலை இருமிக்கொண்டு.

புல்வெளியே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு முன்னால் எந்த உத்தரவும் எடுபடவில்லை. அவரவர் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள்.

குறுமூக்கன் வளை வாசலில் போய் நின்றான். அவன் உயரத்துக்கு நாலு பேர் வெளியே வந்து முறைத்தார்கள். "யாரும்மா இது? ஒரே சேறா நிக்கறாரு!"

உள்ளிருந்து வந்த மனைவி ஓவென்று அழுதாள். "உங்க அப்பாடா!"

கண் திறந்த அழகைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள் எட்டும் இப்போது அவனையே பார்த்தன. கடைக்குட்டிதான் முதலில் வந்து அவன் காலில் அப்பியிருந்த சேற்றை நக்கித் துடைக்கத் தொடங்கியது.

சண்டையை மூட்டுகிறவர்கள் ஒருநாளும் குழியில் இறங்குவதில்லை. குழியில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிவிட்டால் எந்தச் சண்டையும் நிலைப்பதில்லை.